ஆஸ்மா அக்கா திறந்து பார்க்காத கணக்கு

ஆஸ்மா அக்காவுக்குக் கடன் இருக்கிறது என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், சொன்ன ஆளைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். ஆனால் அதை எனக்குச் சொன்னது அக்காவே என் போனுக்கு அனுப்பி வைத்த அறிக்கை.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது எங்கள் பணம் அனுப்பும் கடை. மூன்று கவுண்டர்கள். நடுக் கவுண்டர் ஆஸ்மா அக்காவுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பல் பட்டறைகளிலிருந்தும் கட்டட வேலைகளிலிருந்தும் வருகிற நம் ஊர்த் தம்பிமார்கள், இரண்டு பக்கக் கவுண்டர்களும் காலியாகக் கிடந்தாலும் நடுவரிசையில்தான் போய் நிற்பார்கள். திட்டு வாங்கத்தான் நிற்கிறார்கள் என்று முதலாளி ஜலாலுதீன் பாய் சொல்வார்.

"அக்கா, சாயங்காலம் ரேட்டு ஏறுமா?"

"அது தெரிஞ்சா நான் ஏன்டா இந்த நாற்காலில உக்காந்திருக்கேன்? அம்மாவுக்குப் பணம் எப்பத் தேவை?"

"நாளைக்குக்கா."

"அப்ப அனுப்பு. ரேட்டு ஏறுனா உன் தலைல ஒண்ணும் கிரீடம் வந்து உக்காராது."

ஒருநாள் ராமநாதபுரத்து இளைஞன் ஒருவன் புதுப் போனைக் கவுண்டரின் மேல் வைத்துவிட்டுப் பணத்தை எடுத்தான். அக்கா போனைப் பார்த்தார். விலை கேட்டார். மாதாமாதம் கட்டுகிற திட்டத்தில் வாங்கியதாக அவன் பெருமையாகச் சொன்னான்.

"ஓ. அப்ப இது உன் போன் இல்ல. கடக்காரன் போனைத் தூக்கிக்கிட்டு அலையுற. கூலி எவ்வளவு தர்றான்?"

வரிசையே சிரித்தது. அவனும் சிரித்தான். அடுத்த மாதமும் நடுவரிசையில்தான் நின்றான்.

அந்தக் கடையில் எனக்கு விதிமுறைக் கண்காணிப்பு வேலை. பணம் அனுப்புகிறவர் யார், எங்கிருந்து வந்த பணம், கடை ஊழியர்களின் ஆவணங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவன் நான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள். எம்.காம்., அதுவும் முதல் வகுப்பு. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. மேசை மேல் இருக்கும் பெயர்ப் பலகையிலும் போட்டு வைத்திருக்கிறேன். அதனாலேயே அக்கா இன்றுவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "என்ன பட்டதாரி, பசியாறியாச்சா?" என்பதுதான் காலை வணக்கம்.

அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய வாப்பா நாகூரிலிருந்து வந்து ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதியவர். அக்கா பள்ளிப் படிப்பை முடித்ததும் வேலைக்கு வந்துவிட்டார். கணவர் முபாரக் பாய் டெஸ்கர் ரோட்டுப் பக்கம் பயணப் பைகள் விற்கிற சிறு கடை வைத்திருந்தார். வாடகை ஏறியதும் அதை மூடிவிட்டு இப்போது சொந்தமாக ஒரு பழைய வேன் ஓட்டிச் சாமான்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறார். மகள் இல்ஹாம் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். உட்லண்ட்ஸில் மாமனார் காலத்திலேயே பணம் கட்டி முடித்த வீடு. அதனால் அக்கா வாழ்க்கையில் ஒரு வங்கிக் கடனும் வாங்க வேண்டி வரவில்லை. வாங்கவும் மாட்டார். வட்டி ஆகாது என்பது அவருடைய மார்க்கத்தில் எல்லாருக்கும் உள்ள விதிதான். அக்கா அதைக் கடைப்பிடித்த விதம்தான் தனி.

ரயில் நிலைய வாசலில் இளைஞர்கள் மேசை போட்டு, கடன் அட்டைக்கு விண்ணப்பித்தால் பயணப்பெட்டி இலவசம் என்று கூப்பிடுவார்கள் அல்லவா? அக்கா எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவார். கணவரின் கடை இருந்த நாளில் சொல்வார்: "பெட்டி வேணும்னா என் புருஷன் கடையிலயே எடுத்துக்குவேன். வட்டி வீட்டுக்குள்ள வர வேணாம் லா."

சம்பளம் போகிற கணக்கு வட்டியே சேராத வகை. ஆனால் இன்னொரு கணக்கும் இருந்தது. கல்யாணம் முடிந்த வாரம், சொந்தக்காரர்கள் உறையில் வைத்துக் கொடுத்த பணத்தையெல்லாம் சேர்த்து, கணவன் மனைவி இருவர் பேரிலும் ஒரு வங்கியில் தொடங்கியது. கல்யாணக் கணக்கு என்றுதான் வீட்டில் பேர். அதில் கொஞ்சமாக வட்டி விழும். அந்த வட்டியைத் தொடக்கூடாது என்று ஒவ்வொரு வருடமும் நோன்பு பிறப்பதற்கு முன்னால் முபாரக் பாய் கணக்குப் பார்த்து, அந்தக் காசை மட்டும் தனியே எடுத்து உறையில் போட்டுத் தருவார். அக்கா அதைப் பிரிக்காமல், நன்மை எதையும் எதிர்பார்க்காமல், பொதுக் கழிப்பறை கட்டுகிற காரியத்துக்குக் கொடுத்துவிடுவார்.

"எவ்வளவு வந்துச்சுக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்கு எதுக்கு அது? மச்சான்தான் பாப்பாங்க. அந்தக் கணக்கை நான் தொறந்து பாக்குறதே இல்ல. பாத்தா, அடடா இவ்வளவு சேந்திருக்கேன்னு மனசு தித்திக்கும். அந்தத் தித்திப்பே வேணாம்."

இந்தப் பதிலில் ஒரு சுத்தம் இருப்பதாக அன்றைக்கு எனக்குத் தோன்றியது. ஊருக்குப் போன் பேசியபோது அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

சென்ற ஆண்டு ஜலாலுதீன் பாய் உட்லண்ட்ஸில் ஒரு கிளை திறக்க முடிவு செய்தார். மலேசியாவின் ஜோகூரிலிருந்து தினமும் வேலைக்கு வந்து போகிறவர்கள் நடந்து போகிற வழியில் இடம் பிடித்தார். கிளைப் பொறுப்பாளர் ஆஸ்மா அக்காதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வீடும் அங்கேயே. தினமும் ரயில் மாறி மாறி ஃபேரர் பார்க் வரை வந்து போகிற அலைச்சல் மிச்சம். அலைச்சலைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அக்கா கவுண்டரில் உட்கார்ந்த பிறகு சேர்ந்த மூன்று பேர் மேலாளர்களாகிப் போய்விட்டார்கள். படிப்பு போதாது என்று அக்காவை மட்டும் யாரும் மேலே ஏற்றவில்லை.

"கண்ணாடிக் கதவு போட்ட ரூம், எனக்குன்னு ஒரு சாவி," என்றார் என்னிடம். "பாத்துக்க பட்டதாரி, எனக்குப் பேருக்குப் பின்னால எழுத்து கெடையாது. பேருக்கு முன்னால மேடம் வரப்போவுது."

சாவி என்றால் இரும்புப் பெட்டகத்தின் சாவி. அதைப் பிடிக்கிறவர்கள் தங்களுடைய கடன் அறிக்கையைக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கடையின் விதி. இந்த ஊரில் வங்கிக் கடன், கடன் அட்டை எல்லாம் ஓரிடத்தில் பதிவாகிறது. நாம் ஒழுங்காகக் கட்டினோமா, தாமதித்தோமா என்பது அதில் தெரியும். தலைக்கு மேல் கடன் பாக்கி வைத்திருப்பவர் கையில் பெட்டகச் சாவியைக் கொடுக்கக் கூடாது என்று பாய் இந்த விதியைக் கொண்டுவந்தபோது, சரி என்று முதலில் கை தூக்கியவரே ஆஸ்மா அக்காதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ரயிலில் வரும்போதே அக்கா போனில் சிங்பாஸ் என்ற அரசு அடையாளச் செயலி வழியாக நுழைந்து, கட்டணம் கட்டி, அறிக்கையை வாங்கினார். திறந்து பார்க்காமல் அப்படியே எனக்குத் தள்ளிவிட்டார். கூடவே ஒரு குரல் செய்தி: "வெறுந்தாளா இருக்கும். பாத்து பயந்துடாத."

நான் திறந்தேன்.

வெறுந்தாளாக இல்லை. கணக்குகள் என்ற பகுதியில் ஒன்று இருந்தது. ஓவர்டிராஃப்ட். அதாவது கணக்கில் உள்ள பணம் தீர்ந்த பிறகும் ஓர் எல்லை வரை எடுத்துக்கொள்ள வங்கி தருகிற வசதி. எடுத்ததற்கு நாள்தோறும் வட்டி ஏறும். பக்கத்தில், கூட்டுக் கணக்கு என்ற குறிப்பு. அதற்கு நேராக, கடந்த ஒரு வருடத்துக்கு மாதம் ஓர் எழுத்தாக ஒரு வரிசை. உரிய நேரத்தில் கட்டியவருக்கு எல்லாமே ஏ என்று இருக்கும். இங்கே ஏ வந்து, பி வந்து, மறுபடி பி, அப்புறம் சி, நடுவில் டி. எழுத்து கீழே இறங்க இறங்கத் தாமதம் கூடுதல் என்று அர்த்தம். பாக்கித் தொகை பதினாறாயிரம் வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, மேல். மொத்த மதிப்பீடு, கடைசிப் படிக்கு ஒரு படி மேலே.

வேறு யாரோ ஆஸ்மாவின் அறிக்கை என்றே நினைத்தேன். ஊழியர் கோப்பை எடுத்து அடையாள அட்டை எண்ணை ஒப்பிட்டேன். ஒத்துப்போனது. எழுத்து எழுத்தாக விரல் வைத்துத் திரும்ப ஒப்பிட்டேன். மறுபடியும் ஒத்துப்போனது. கவுண்டர் பக்கம் அக்காவின் சத்தம் கேட்டது. யாரையோ, "வேல பாக்குற ஆளு நீ, தாய் மாமன் கடனுக்கு நீ ஏன் ஜாமீன் நிக்கிற?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் உள்ளே கூப்பிட்டேன்.

"என்ன, தாளு ரொம்ப வெள்ளையா இருக்கா?"

"அக்கா, உக்காருங்க."

"நிக்கிறேன் லா, காலைலேர்ந்து உக்காந்தே இருக்கேன்."

கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினேன். படித்தார். சிரித்தார்.

"ஆஸ்மான்னு சிங்கப்பூர்ல ஆயிரம் பேரு இருப்பாங்க."

"நம்பர் உங்களோடதுக்கா. நானும் அப்படித்தான் நெனச்சேன். ரெண்டு தடவ பாத்துட்டேன்."

அக்கா குனிந்து மறுபடி படித்தார். எண்ணைப் பார்த்தார். பிறகு வங்கியின் பேரைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

"இது கல்யாணக் கணக்கு," என்றார். "இதுல என் வாப்பா குடுத்த பணம் இருக்கு."

எனக்கு இல்லை என்று சொல்லத் தெரியவில்லை. பணம் எதுவும் இல்லாமல் அதற்குக் கீழேயும் போய்விட்டது என்பதைத் திரை சொல்லிக்கொண்டிருந்தது.

அக்கா போனை எடுத்தார். "மச்சான், எங்க இருக்கீங்க... கேலாங்லயா? சாமானை எறக்கிட்டு இங்க வாங்க. இல்ல, இல்ஹாம் நல்லாத்தான் இருக்கா. யாருக்கும் ஒண்ணும் இல்ல. வாங்க."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீயும் கூட வா. நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டா சொல்லு. அவங்க சரியாச் சொல்லலைன்னாலும் சொல்லு."

பக்கத்துச் சந்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. அக்கா கொப்பியை, இந்த ஊர்க் காப்பியை, வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். முபாரக் பாய், தனக்கு வேலை தருகிற சாமான் அனுப்பும் நிறுவனத்தின் ஆரஞ்சு நிறச் சட்டையோடு வந்தார். எப்போதும் சிரித்த முகம்.

"என்ன புள்ள, மேனேஜர் மேடம் ட்ரீட்டா? அப்ப எனக்கு மட்டன் பிரியாணி. தம்பி, நீங்க என்ன, அவங்களுக்கு பாடிகார்டா?"

அக்கா போனை அவர் பக்கம் தள்ளினார். அவர் படிக்கப் படிக்கச் சிரிப்பு ஒரு பக்கமாக இறங்கியது. கடைசியில் அவர் கேட்டது நான் எதிர்பார்க்காத கேள்வி.

"இது உன் பேர்ல எப்படி வந்துச்சு?"

"அதத்தான் நான் உங்கள்ட்ட கேக்கணும்."

"இல்ல ஆஸ்மா, இது என் கடன். கடை வாடகைக்கு நான் எடுத்தேன். சரக்குக்கு எடுத்தேன். நீ ஒரு வெள்ளி எடுத்ததில்ல." என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் இருந்தது நடிப்பு இல்லை. அவரும் அதிர்ந்துதான் போயிருந்தார். "தம்பி, படிச்சவரு நீங்க, சொல்லுங்க. எடுத்தவன் பேர்லதான வரணும்? கணக்கு நம்மோடது, சரி. கடன் என்னோடது இல்லையா?"

"இல்ல பாய்," என்றேன். "யார் எடுத்தாங்கன்னு வங்கி பாக்காது. கணக்கு ரெண்டு பேரோடது, கையெழுத்து ரெண்டு பேரோடது, அதனால கடனும் ரெண்டு பேரோடது. நீங்க லேட்டாக் கட்டுன ஒவ்வொரு மாசமும் அக்கா லேட்டாக் கட்டுனதாத்தான் பதிவாகும்."

"பாதியாவது?"

"பாதின்னு கெடையாது பாய். உங்களுக்கும் முழுசு, அவங்களுக்கும் முழுசு."

எங்கள் ஊரில் கடன்காரன் வாங்கியவன் வீட்டு வாசலில்தான் வந்து கத்துவான். கேட்கிற பெண்டாட்டிக்கு அவமானமாவது மிஞ்சும், விஷயம் தெரிந்துவிடும். இங்கே யாரும் கத்தவில்லை. வங்கிக் கடிதங்கள் முபாரக் பாயின் பயணப்பைக் கடை முகவரிக்குப் போயின. கடை மூடிய பிறகு முபாரக் பாயின் மின்னஞ்சலுக்குப் போயின. அக்காவின் பேருக்கு நேரே எழுத்துகள் மட்டும் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன.

"கையெழுத்தா?" என்றார் அக்கா. "நான் எப்பப் போட்டேன்?"

முபாரக் பாய் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நோன்புல. நீ கஞ்சி கிண்டிக்கிட்டு இருந்த. கணக்குல ஒரு வசதி சேக்குறாங்க, உன் கையெழுத்தும் வேணும், சம்பளச் சீட்டும் வேணும்னேன். பென்சில்ல குறி போட்டு வெச்சிருந்தேன். நீ கையைத் தொடச்சிட்டுப் போட்ட."

"நீங்க வட்டின்னு சொல்லல."

"நீ படிக்கல."

அக்கா சட்டென்று நிமிர்ந்தார். முபாரக் பாய் உடனே, "தப்பாச் சொல்லிட்டேன்," என்றார்.

"இல்ல. சரியாத்தான் சொன்னீங்க. அந்தக் கணக்குத் தாளுன்னா நான் படிக்க மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும். அதனாலதான் கஞ்சி கிண்டுற நேரமாப் பாத்துக் கொண்டாந்தீங்க."

பக்கத்து மேசையில் யாரோ இரண்டு பேர் கால்பந்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா கொப்பிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். எதையோ மனதுக்குள் கூட்டிப் பார்க்கிறவர் மாதிரி இருந்தார். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"மச்சான். இது எப்பேர்ந்து மைனஸ்ல இருக்கு?"

"கடை மூடுறதுக்கு முந்தின வருஷத்துலேர்ந்து."

"மைனஸ்ல இருக்குற கணக்குக்கு வங்கி வட்டி தருமா?"

முபாரக் பாய் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தராது," என்றார்.

"அப்ப போன நோன்புக்கு உறையில போட்டுக் குடுத்தீங்களே. அதுக்கு முந்தின நோன்புக்கும் குடுத்தீங்களே. வட்டிக் காசு, சுத்தம் பண்ணிடுன்னு. அது யாரு காசு?"

"என் கைக்காசு. வேன் ஓட்டுன காசு."

"எதுக்கு?"

"உறை வரலைன்னா நீ கேட்டிருப்ப இல்ல?"

இத்தனை நாள் கணக்காளர்களோடு பழகியிருக்கிறேன், எத்தனையோ தில்லுமுல்லுகளை வேலையில் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. வராத வட்டியை வந்ததாகக் காட்ட, உழைத்த காசை அழுக்குக் காசு என்று பேர் சொல்லி ஒருவர் உறையில் போட்டிருக்கிறார். அதை இன்னொருவர் விரல் படாமல் பிடித்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, மனம் லேசாகி வீட்டுக்கு வந்திருக்கிறார். அதே வேளையில் அதே கணக்கில் இரண்டு பேர் பேரிலும் வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

"சுப்ஹானல்லாஹ்," என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஹலாலான காசை வட்டின்னு சொல்லிக் கழிச்சுட்டு, நெசமான வட்டியைக் கட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

எழுந்து கடைக்கு நடந்தார். முபாரக் பாய் பின்னாலேயே போகப் பார்த்தார். அக்கா திரும்பாமல் கையை மட்டும் காட்டினார்: இப்போது வேண்டாம். அவர் திரும்பி வந்து, பிரியாணி கேட்டதை வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வேனுக்குப் போனார்.

அன்று சாயங்காலம் ஒரு தம்பி புதுக் காலணியைக் காட்டி, "தவணைலதான்கா, திட்டுங்க," என்று வந்து நின்றான். அக்கா அவன் அடையாள அட்டையை வாங்கி, பணத்தை எண்ணி, ரசீதைக் கொடுத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் போகாமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று என்னைக் கேட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் காலை நான் வருவதற்குள் அக்கா முதலாளி அறையில் இருந்தார். ஜலாலுதீன் பாயை அவர் நானா என்பார். அவர்கள் பக்கத்தில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவது. என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். அக்கா எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார் என்பது பாயின் முகத்திலேயே தெரிந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார்.

"தம்பி," என்றார், "அறிக்கை உனக்கு எப்ப வந்துச்சு?"

"நேத்துக் காலைல பாய்."

"நேத்து வரலைன்னு வெச்சுக்க. கிளை தொறந்து ஒரு வருஷம் கழிச்சு வரட்டும். இவள எனக்கு எத்தனை வருஷமாத் தெரியும்? இவ கைல சாவி இருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன் லா."

பாய் சொன்னால் என்னால் முடியாது என்று சொல்ல முடியுமா என்று எனக்கே தெரியாது. அதற்குள் அக்கா பேசினார்.

"வேணாம் நானா."

"நீ சும்மா இரு ஆஸ்மா. உன் தப்பு இதுல என்ன இருக்கு?"

"பாக்காம இருந்தது என் தப்பு. பாக்காம இருக்கறது சுத்தம்னு நெனச்சேன். இப்ப உங்களையும் பாக்காம இருங்கன்னு சொல்லவா? இந்தப் புள்ளயையும் பாக்காத மாதிரி இருக்கச் சொல்லவா?"

"அப்ப கிளை?"

"ஸைஃப் பாக்கட்டும்." ஸைஃப் எங்கள் மூன்றாவது கவுண்டர்காரர், கல்யாணமாகாதவர், கடனில்லாதவர். "சாவி விதிக்கு நான்தானே மொதல்ல கை தூக்குனேன். எனக்குன்னா கையை எறக்கிக்கவா?"

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கடன முழுசாக் கட்டிட்டா?" என்று என்னைக் கேட்டார்.

"கட்டுனாலும், லேட்டான மாசங்க உடனே அழியாது பாய். வரிசை நகர்ந்து நகர்ந்து அந்த எழுத்துங்க வெளிய போக ஒரு வருஷம் ஆகும்."

"ஒரு வருஷம்," என்றார் அக்கா. அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவர் அழுதார். அதுவும் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு. நான் என் மேசையில் இருந்த பெயர்ப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்த வாரமே கணவனும் மனைவியும் வங்கிக்குப் போனார்கள். அக்கா தன் பேரை அந்தக் கணக்கிலிருந்து எடுக்கச் சொன்னார். பாக்கியைத் தீர்க்காமல் எடுக்க முடியாது என்றார்களாம். அங்கேயே உட்கார்ந்து, வங்கியின் செயலியைத் தன் போனில் இறக்கி, கல்யாணக் கணக்கை அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாகத் திறந்து பார்த்தார். அதைப் பற்றி என்னிடம் இவ்வளவுதான் சொன்னார்: "மேல தள்ளத் தள்ள வட்டி, வட்டி, வட்டின்னு வந்துக்கிட்டே இருந்துச்சு தம்பி. வாப்பா குடுத்த பணம் எந்த எடத்துல தீந்துச்சுன்னு தேடுனேன். அதயும் கண்டுபுடிச்சேன். ஒரு வியாழக்கெழம." பட்டதாரி என்று சொல்லாமல் அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

நிக்காஹ்வின்போது முபாரக் பாய் மஹராகக் கொடுத்த தங்கம் அக்காவிடம் இருந்தது. மஹர் மனைவியின் தனிச் சொத்து. கணவன் அதில் உரிமை கேட்க முடியாது. முபாரக் பாய் வேனை விற்கிறேன் என்றார். சம்பாதிக்கிறதையே விற்றால் எதைச் சம்பாதிப்பது என்று அக்கா மறுத்துவிட்டார். அக்கா தங்கத்தை விற்பதாகச் சொன்னபோது முபாரக் பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

"அது உன் மஹர். நான் அதுல கை வைக்க மாட்டேன் ஆஸ்மா."

"கை வைக்க வேணாம். கடனா வாங்கிக்குங்க. என்கிட்ட வட்டி கெடையாது."

அக்கா விளையாட்டாகச் சொன்னது அல்ல. கடன் கொடுத்தால் எழுதி வைக்க வேண்டும், சாட்சி வேண்டும் என்பது அவர்கள் மார்க்கத்தில் சொல்லியிருக்கிறது. வட்டிக்குப் பயந்து கணக்கையே பார்க்காமல் இருந்தவர், அதே மார்க்கத்தில் இருந்த இந்தப் பாதியை இத்தனை நாளாக மறந்தே போயிருந்தார். ஜலாலுதீன் பாயின் அறையில் வைத்து எழுதினார்கள். எத்தனை வெள்ளி, மாதம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள். பாயும் ஸைஃபும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். முபாரக் பாய் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் பழைய சிரிப்போடு, "லேட்டானா என்ன பண்ணுவ?" என்று கேட்டார்.

"மொதல்ல மேலேர்ந்து கீழ வரைக்கும் படிச்சிட்டுப் போடுங்க," என்றார் அக்கா. "லேட்டானா, இந்தத் தடவ உங்க பேர்ல மட்டும்தான் வரும்."

ஜலாலுதீன் பாய்தான் முதலில் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. முபாரக் பாய் மேலிருந்து கீழ்வரை, வாய்விட்டு, ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத்தான் போட்டார்.

கடன் தீர்ந்தது. கல்யாணக் கணக்கை மூடினார்கள். அந்த வருடம் நோன்புக்கு உறை வரவில்லை.

உட்லண்ட்ஸ் கிளை திறந்த அன்று எல்லாரும் போயிருந்தோம். கண்ணாடிக் கதவு போட்ட அறையும் மேசையும் மேசைமேல் புதுப் பெயர்ப் பலகையும் தயாராக இருந்தன. பலகையில் ஸைஃபின் பேர். அக்கா அதைப் படித்தார். பிறகு ஸைஃபைப் பெட்டகத்துக்கு அழைத்துப் போனார். தலைமைக் கடையில் காலையிலும் மாலையிலும் ஜலாலுதீன் பாய் பெட்டகத்தைத் திறந்து மூடும்போது பக்கத்தில் நின்று பார்த்ததால், அந்த முறை அவருக்குத்தான் அத்துப்படி.

ஸைஃப் கொஞ்சம் பதற்றமாக இருந்தார். சாவி ஒரு சுற்றுக்கு மேல் திரும்பவில்லை. "அக்கா, நீங்களே ஒருதடவ தொறந்து காட்டிடுங்க," என்று சாவியை நீட்டினார்.

அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சாவி நீ பிடி. நான் சொல்றேன். கொஞ்சம் வெளிய இழு. இப்ப எடது பக்கம். அவசரப்படாத."

கதவு திறந்தது. ஸைஃப் பெருமூச்சு விட்டார். அக்கா எட்டி உள்ளே பார்த்தார், தொடவில்லை. வெளியே வரும்போது என் பக்கத்தில் நின்றார்.

"இந்த மாசம் எடுத்துப் பாத்தேன் பட்டதாரி. மொத பி வெளிய போயிருச்சு."

"நல்லதுக்கா. இன்னும் கொஞ்ச மாசம்."

"அடுத்த வருஷம் உனக்கு அனுப்புவேன். ஆனா இந்தத் தடவ நான் படிச்சிட்டுத்தான் அனுப்புவேன். நீ ரெண்டாவதாப் படி."

வாசலில் முதல் வாடிக்கையாளர் வந்து நின்றார். ஜோகூரிலிருந்து வேலைக்கு வருகிறவர். கவுண்டரைப் பார்த்துவிட்டு நேரே அக்காவிடம் வந்து, இங்கே பணம் அனுப்பலாமா என்று கேட்டார். அக்கா ஸைஃபின் பக்கம் கையைக் காட்டினார்.